எந்தக் கல்லூரி என்பது இரண்டாவது கேள்வி

கேள்வி: எனக்கு வயது 31. பி.இ. முடித்து, கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். மூன்று வயதில் ஒரு மகள். முழுநேர ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற பாரம் நான்கு வருடமாக இருக்கிறது. அடுத்த மாதம் வேலையை ராஜினாமா செய்யலாம் என்று நினைக்கிறேன். எந்த இறையியல் கல்லூரி நல்லது? பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி) படிக்கவா, எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) படிக்கவா? ஆன்லைனில் ஒரு வருடத்தில் முடிக்கலாம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. என் மாமா, 'செமினரிக்குப் போனால் இருக்கிற விசுவாசமும் போய்விடும், அந்தக் காலத்தில் யார் படித்துவிட்டு ஊழியம் செய்தார்கள்' என்கிறார். ஆலோசனை சொல்லுங்கள் ஐயா.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு, ஸ்தோத்திரம்.

முதலில் அந்த ராஜினாமாக் கடிதத்தை மேசைக்குள் வையுங்கள். ஊழியத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். பொறியியல் கல்லூரி தேடும்போது அது சரியான கேள்வி. நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால் வேலையும் கிடைக்கும். இங்கே வழி வேறு. கல்லூரி உங்களுக்குப் பட்டம் தரும், அபிஷேகம் தராது. உங்களைக் குருவானவராக ஏற்படுத்துவது, பிஷப்பின் கீழ் இருக்கும் திருமண்டலம். எனவே எந்தச் சபை உங்களை அனுப்புகிறது என்பதற்குப் பதில் கிடைத்தபிறகு கல்லூரியைப் பற்றிப் பேசலாம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் பழைய ஏற்பாடு கற்பித்திருக்கிறேன். வங்கி வேலையை விட்டுவிட்டு, சொந்தச் சேமிப்பில், யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்து சேர்ந்த ஒருவர் என் வகுப்பில் இருந்தார். எபிரெயத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை. நான்கு வருடம் முடித்துவிட்டுத் தன் திருமண்டல அலுவலகத்துக்குப் போனபோது, 'நாங்கள் உங்களை அனுப்பவில்லையே' என்று சொல்லிவிட்டார்கள். கோபப்பட்டு என்ன செய்வது, அவர்கள் சொன்னது உண்மைதானே. இப்போது ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறார். அனுப்பப்பட்ட மாணவர், சுயமாக வந்த மாணவர் என்ற வேறுபாடு வகுப்பில் தெரியாது. பட்டமளிப்பு முடிந்த மறுநாள் தெரியும்.

உங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. உங்கள் சபை அங்கத்தினம் இப்போது எங்கே இருக்கிறது? ஊரிலா, கோயம்புத்தூரிலா? அவை இரண்டு வெவ்வேறு திருமண்டலங்கள். ஒன்பது வருடம் கோயம்புத்தூரில் ஆராதனைக்குப் போய்க்கொண்டு, சந்தாவை மட்டும் ஊரில் அப்பா கட்டிக்கொண்டிருந்தால், இரண்டு இடத்திலும் உங்களை முழுதாகத் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். இதை முதலில் நேராக்குங்கள். பிறகு உங்கள் சேகரகுருவிடம், அதாவது உங்கள் பகுதிச் சபைக்குப் பொறுப்பான குருவானவரிடம், வெளிப்படையாகப் பேசுங்கள். சேகர கமிட்டியின் சிபாரிசு, திருமண்டலத்தின் நேர்முகம், சில இடங்களில் ஓராண்டு ஈராண்டு சபை ஊழியராக வேலை செய்வது, அதற்குப் பிறகுதான் படிக்க அனுப்புவது என்று ஒரு வரிசை இருக்கும். ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் விதி கொஞ்சம் மாறும். வயது வரம்பும் பல இடங்களில் உண்டு. உங்களுக்கு 31 என்பதால் அதைத்தான் முதல் நாளே கேட்க வேண்டும். அந்த ஒரு பதில் தெரியாமல் வேலையை விடுவது விசுவாசம் இல்லை தம்பி, அவசரம்.

மாமா கேட்டதற்கு வருகிறேன். அந்தக் காலத்தில் யார் படித்துவிட்டு ஊழியம் செய்தார்கள் என்றால், நம் ஊரில்தான் செய்தார்கள். 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, பத்தே வருடத்தில், 1716ல், அங்கே ஊழியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். அந்த மிஷனில் குருப்பட்டம் பெற்ற முதல் தமிழர் ஆரோன். பல வருடம் உபதேசியாராக ஊர் ஊராக உழைத்தபிறகே 1733ல் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. பார்த்துப் பழகி, சோதித்துத் தெரிந்துகொண்டபிறகு ஏற்படுத்துவது என்ற வழக்கம் நமக்கு அவ்வளவு பழையது.

இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனெரி வில்லியம் கேரியை உங்கள் மாமா உதாரணம் காட்டக்கூடும். அவர் செருப்புத் தைத்தவர், எந்தக் கல்லூரிக்கும் போகாதவர். சரிதான். ஆனால் அந்த மனிதர் லத்தீன், கிரேக்கம், எபிரெயம் எல்லாம் தானாகவே உட்கார்ந்து படித்தார். பிறகு உடன் ஊழியர்கள் மார்ஷ்மன், வார்டு இருவரோடும் சேர்ந்து 1818ல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் செராம்பூரில் கல்லூரி கட்டினார். படிப்பு வேண்டாம் என்று நினைத்தவர் செய்கிற வேலையா அது?

அந்தச் செராம்பூர்தான் உங்கள் அடுத்த கேள்விக்கும் பதில். தரங்கம்பாடியைப் போலவே செராம்பூரும் அன்று டென்மார்க்கின் கையில் இருந்த ஊர். 1827ல் டென்மார்க் அரசர், பட்டம் வழங்கும் உரிமையை அந்தக் கல்லூரிக்குச் சாசனமாகத் தந்தார். பிறகு 1918ல் வங்காளச் சட்டசபை இயற்றிய சட்டத்தால், பாடத்திட்டத்தையும் பட்டத்தையும் கவனிக்கும் செனட் உருவானது. இன்று மதுரை, சென்னை, பெங்களூர் என்று பல ஊர்களில் இருக்கும் இறையியல் கல்லூரிகள் இந்தச் செனட்டோடு இணைந்து பி.டி. நடத்துகின்றன. நீங்கள் ஏற்கெனவே பட்டதாரி என்பதால் அது நான்கு வருடம். பெயரில் 'பேச்சலர்' இருக்கிறதே, இரண்டாவது முறை இளங்கலையா என்று உங்களுக்குத் தோன்றலாம். பெயர் அப்படி அமைந்துவிட்டது. பட்டதாரிகள் வந்து படிக்கும் தொழிற்கல்வி அது. அதற்கு மேலே எம்.டிஎச். (முதுகலை), டி.டிஎச். (டாக்டர் பட்டம்) உண்டு.

எம்.டிவ். என்பது அமெரிக்க வழக்கு. பட்டதாரிகளுக்கு மூன்று வருடம். நம் நாட்டில் சுவிசேஷ சபைகள் சார்ந்த பல செமினரிகள் அதை நடத்துகின்றன. ஆசியா தியாலஜிக்கல் அசோசியேஷன் அவற்றை மதிப்பிட்டு அங்கீகாரம் தருகிறது. அவற்றில் சில மிக நல்ல கல்லூரிகள், ஆசிரியர்களை எனக்கே தெரியும். ஆனால் அந்த அங்கீகாரம் சபைகளுக்கும் கல்லூரிகளுக்கும் இடையே நடக்கும் ஏற்பாடு, சட்டம் தந்த பட்ட உரிமை அல்ல. உங்கள் சபை சி.எஸ்.ஐ. என்பதால் எனக்கு இதில் குழப்பமே இல்லை. திருமண்டலம் எந்தப் பட்டத்தை ஏற்கிறதோ அதைப் படியுங்கள். அநேகமாக அது செராம்பூர் பி.டி.யாகத்தான் இருக்கும்.

ஆன்லைனில் ஒரு வருடத்தில் எம்.டிவ். என்பவர்களிடம் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்தால் டாக்டர் பட்டமும் தருவார்கள், அங்கியோடு. நம் சுவர்களில் ஒட்டியிருக்கும் கூட்டச் சுவரொட்டிகளைப் பார்த்தால், தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களைவிட ரெவரென்ட் டாக்டர்கள் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம் வரும். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, பட்டம் கொடுக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர்கள்தான் பட்டம் கொடுக்கலாம். அந்த நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்களுக்குப் பட்டம் தரும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?' பதில் நீளமாக வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே படித்துப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு நேர்மையான வழி இருக்கிறது. செராம்பூரிலேயே சபை மக்களுக்காக அஞ்சல்வழியில் கிறிஸ்தவக் கல்விக்கான டிப்ளமாவும் பட்டமும் உண்டு. அதை வைத்துக் குருவானவர் ஆக முடியாது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் மகளைத் தூங்கவைத்துவிட்டு, சபை வரலாற்றில் நாற்பது பக்கம் படிக்க உங்களால் முடிகிறதா என்று தெரிந்துவிடும். சிலருக்குக் கூட்டங்களில் பேசுவதில் இருக்கும் ஆசை, உட்கார்ந்து படிப்பதில் இருப்பதில்லை.

இப்போது விசுவாசம் போய்விடும் என்ற பயம். இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசத் தோன்றும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மாமா கேள்விப்பட்டது பொய் இல்லை. படிக்க ஆரம்பித்த ஓரிரு வருடத்தில் ஒரு நடுக்கம் வரும். உங்கள் வீட்டில் இருக்கும் தமிழ் வேதாகமத்தையே எடுத்து, ஆதியாகமம் முதல் அதிகாரத்தையும் இரண்டாம் அதிகாரத்தையும் அடுத்தடுத்துப் படியுங்கள். முதலாவதில் 'தேவன்' என்றே வரும். இரண்டாவதில் நான்காம் வசனத்திலிருந்து 'தேவனாகிய கர்த்தர்' என்று மாறும். முதலாவதில் மிருகங்களுக்குப் பிறகு மனுஷன். இரண்டாவதில் மனுஷனுக்குப் பிறகு மிருகங்கள். ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நூறு தடவை வாசித்திருப்பீர்கள், கண்ணில் பட்டிருக்காது. வகுப்பில் இதைக் காட்டும்போது சிலர் முகம் வெளுத்துப்போவதை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். மாற்குவில் 16ஆம் அதிகாரம் 9ஆம் வசனத்திலிருந்து கடைசி வரை உள்ள பகுதி, நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் இரண்டில் இல்லை. 'ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்' என்பதோடு அங்கே சுவிசேஷம் நின்றுவிடுகிறது.

இதைப் படித்த ஒரு மாணவர் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி எனக்குப் போன் செய்தார். மறுநாள் ஒரு கிராமச் சபையில் அவர்தான் பிரசங்கம். வாசிக்க வேண்டிய பாடம் மாற்கு 16. 'ஐயா, எட்டாம் வசனத்தோடு நிறுத்தவா, இருபது வரை வாசிக்கவா? வாசித்தால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது, நிறுத்தினால் சபையார் என்ன நினைப்பார்கள்?' குரல் நடுங்கியது. எட்டோடு நிறுத்தி, அந்தப் பெண்கள் ஏன் பயந்தார்கள் என்று மட்டும் பேசிப் பாருங்கள் என்றேன். அப்படியே செய்திருக்கிறார். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி வந்து, 'என் மகன் ஆஸ்பத்திரியில பிழைச்சுட்டான்னு டாக்டர் சொன்னப்ப எனக்கும் அப்படித்தான்யா வாய் வரல' என்றாராம். திங்கட்கிழமை அந்த மாணவர் வகுப்பில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூல மொழி படிக்க வேண்டுமா என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். கிரேக்கமோ எபிரெயமோ ஒன்றாவது பெரும்பாலும் தலையில் விழும். 23ஆம் சங்கீதத்தில் 'மரண இருளின் பள்ளத்தாக்கு' என்று மனப்பாடமாகச் சொல்கிறோம். எபிரெயத்தில் அங்கே இருப்பது ஒரே சொல்: ஸல்மாவெத். அதை நிழல், மரணம் என்று இரண்டாகப் பிரித்துப் படிப்பவர்கள் உண்டு. இல்லை, அது வெறும் கும்மிருட்டைக் குறிக்கும் சொல் என்பவர்களும் உண்டு. இதே சொல் ஆமோஸ் 5:8லும் வருகிறது. அங்கே கர்த்தர் அதை விடியற்காலமாக மாற்றுகிறார், ஆகவே அது ராத்திரிதான். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். 'மரணம்', 'இருள்' இரண்டையும் ஒன்றாக வைத்துவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்த அன்று நான் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து சந்தோஷப்பட்டது இன்னும் நினைவிருக்கிறது. அடக்க ஆராதனையில் அந்தச் சங்கீதத்தை வாசிக்கும்போதெல்லாம், சாகப்போகிறவருக்கு மட்டுமல்ல, விடியாத ராத்திரியில் உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்கும் அது பொருந்துகிறது என்று தோன்றும்.

விசுவாசத்தை விட்டவர்களும் உண்டு, மறைக்க மாட்டேன். எனக்குத் தெரிந்து மூன்று பேர். அவர்களில் யாரும் ஆதியாகமத்தால் போனதாகச் சொல்லவில்லை. ஒருவர் விடுதியில் சாதி பார்த்து மேசை பிரித்து உட்கார்ந்ததைப் பார்த்துப் போனார். இன்னொருவர், தன்னை அனுப்பிய திருமண்டலத்தின் தேர்தல் சண்டையையும் நீதிமன்ற வழக்கையும் பார்த்து மனம் வெறுத்துப் போனார். மூன்றாமவர் ஏன் போனார் என்று இன்றுவரை சொல்லவில்லை. மாமா பயப்பட வேண்டியது புத்தகத்துக்கு அல்ல என்று இதனால்தான் சொல்கிறேன். இப்படிப்பட்ட இடங்களில் யாரோடு பேசுவீர்கள், யார் தோளில் சாய்வீர்கள் என்பதை யோசித்து வையுங்கள்.

சரி, கல்லூரிக்கு வருவோம். திருமண்டலமே இடத்தைச் சொல்லிவிடும் என்றாலும், உங்களைக் கேட்டால் என் விருப்பத்தைச் சொல்கிறேன். கிராமச் சபையிலும் சின்ன ஊர்ச் சபையிலும் வேலை செய்யப்போகிறவர் தமிழில் படிப்பது நல்லது. மதுரை அரசரடியில் 1969ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி அதற்குப் பெயர் பெற்றது. மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியே போய், குடிசைப் பகுதிகளில் தங்கி, மக்களோடு வாழ்ந்து படிப்பது அங்கே நீண்டகாலமாக உள்ள வழக்கம். பரட்டை என்று எல்லாரும் கூப்பிட்ட தியோபிலஸ் அப்பாவு கற்பித்த இடம் அது. பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். சென்னையில் உள்ள குருகுலம் லூத்தரன் இறையியல் கல்லூரியும் 1910ல் தொடங்கிய பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியும் ஆங்கிலவழி. நூலகம், வெளிமாநில நண்பர்கள், மேற்படிப்பு என்று பார்த்தால் அவற்றுக்குத் தனி பலம் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருகிறவர்கள் முதல் ஒரு வருடம் பிரசங்கத்தில் 'கான்டெக்ஸ்ட்', 'இன்க்ளூசிவ்' என்று சொல்லிக்கொண்டு நிற்பதைக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படி நின்றவன்தான். முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், 'ஐயர் நல்லாப் பேசினாங்க, என்ன பேசினாங்கன்னுதான் தெரியல' என்றார் (நம் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்).

எந்தக் கல்லூரியானாலும் சொல்லித்தராத விஷயங்கள் இருக்கும். நான் நடத்திவைத்த முதல் கல்யாணத்தில், ஆராதனை ஒழுங்கு எழுத்துப் பிசகாமல் நடந்தது. திருமணப் பதிவேட்டில் சாட்சிகளின் கையெழுத்தை வாங்க மறந்துவிட்டேன். 1872ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அந்தப் பதிவேட்டுக்கு நான்தான் பொறுப்பு என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமாவைத் தேடி உடன்குடி வரை பஸ்ஸில் போய்க் கையெழுத்து வாங்கி வந்தேன். சபையை நடத்தக் கற்றுத்தரும் பாஸ்டரல் தியாலஜி பாடத்தில் எனக்கு முதல் வகுப்பு மார்க். கல்லறைத் தோட்டத்து எல்லைத் தகராறு, கமிட்டி மினிட்ஸ் எழுதுவது, சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அரிசிக் கணக்கு பார்ப்பது எல்லாம் சேகரத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இதனால்தான் படிக்கப் போகுமுன் சபை ஊழியராக ஓராண்டு வேலை செய்யச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள் என்கிறேன்.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஒன்பது வருடம் ஐ.டி.யில் இருந்தவருக்கு ஏதாவது ஒரு கடன் இருக்கும். வீட்டுக் கடனோ கார்க் கடனோ இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். திருமண்டலம் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டாலும், நான்கு வருடம் உங்கள் சம்பளம் வராது. பிறகு வரும் ஐயர் சம்பளம் இப்போது வாங்குவதில் ஒரு சின்னப் பங்குதான். குடியிருக்கக் குருமனை இருக்கும், ஆனால் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். மகளின் பள்ளிக்கூடம் ஒவ்வொரு முறையும் மாறும். குடும்பத்தோடு தங்க வீடு தரும் கல்லூரிகள் உண்டு, கேட்ட எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, அவர் செவிலியர் என்று. அவருடைய விருப்பம் என்ன என்று இல்லை. கல்யாணத்தின்போது அவர் ஒரு பொறியாளரைக் கட்டிக்கொண்டார். இப்போது திடீரென்று 'ஐயரம்மா' ஆகப்போகிறார். பெண்கள் ஐக்கிய சங்கம், ஓய்வுநாள் பள்ளி, நடுராத்திரியில் கதவைத் தட்டும் சபையார், என்ன சேலை கட்டினார் என்பது வரை பார்க்கும் கண்கள் எல்லாம் அவருக்கும் சேர்த்துத்தான் வரும். அதற்குச் சம்பளம் கிடையாது. அவருடைய வேலை என்ன ஆகும்? சேகரம் இருக்கிற ஊரில் ஆஸ்பத்திரி இல்லையென்றால் வேலையை விட வேண்டுமா? அவருக்கும் ஒரு அழைப்பு இருக்கலாமே, அது அந்த மருத்துவமனையிலேயே இருக்கலாமே. இதை யாரும் கேட்பதில்லை. முப்பது வருடத்துக்கு முன் நானும் கேட்கவில்லை. என் மனைவி அதை எனக்கு ஞாபகப்படுத்த இன்னும் மறப்பதில்லை.

ஆகவே இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டாம், சும்மா கொடுங்கள். அவருக்குக் கேள்விகள் இருந்தால் தனியாக எழுதச் சொல்லுங்கள். பதிலை அவர் பெயருக்கே எழுதுகிறேன்.